துணிப் பாவையும் தீராக் கடனும்

தாராவியின் சந்துகளில் நடந்து செல்வோர் காலில் முதலில் தட்டுப்படுவது துணித்துண்டு. சட்டை தைக்கும் பட்டறையிலிருந்தும் பை தைக்கும் பட்டறையிலிருந்தும் வெட்டி ஒதுக்கிய ஓரங்களும் முனைகளும் மூட்டை மூட்டையாகக் கட்டப்பெற்று வாசற்படிகளில் கிடக்கும். மராத்தியர் இதனைச் ‘சிந்தி’ என்பர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய நம்மவரும் நாளடைவில் அச்சொல்லையே வழங்கத் தலைப்பட்டனர். இந்தச் சிந்தி எதற்கும் பயன்படும். இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம், தலையணைக்குள் அடைக்கலாம், மிதியடியாகப் பின்னலாம். ஒரு பிடி சிந்தியையும், கிழிந்த சேலை ஒன்றையும், ஊசி நூலையும் வீட்டிலிருக்கும் பெரியவள் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டால், விளக்கு வைக்கும் நேரத்திற்குள் அது ஒரு பாவையாகிக் குழந்தையின் இடுப்பில் ஏறிக்கொள்ளும்.

அப்பாவையைப் பற்றித்தான் இத்திங்கள் பேச எண்ணுகிறோம். ‘பொம்மையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அதைச் சிறுவர் பக்கத்திற்கு அனுப்பலாமே’ என அன்பர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். கையால் தைத்த துணிப் பொம்மைகளையே கல்லாகவும் செம்பாகவும் கொண்டு சிற்பம் சமைத்தவர்கள் உலகில் உளர். அச்சிற்பங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவை எழுப்பும் வினாக்களோ, ஊரைவிட்டுப் பெயர்ந்து வந்து வாழும் நம்மனோர் வீடுகளில் நாள்தோறும் எழும் வினாக்களாகவே இருக்கின்றன.

நம் இல்லத்திலும் அத்தகைய பாவை ஒன்று உண்டு. தாதர் நிலையத்தில் வந்திறங்கிய தகரப் பெட்டியொன்றில், கருப்பட்டிக்கும் வற்றலுக்கும் நடுவே படுத்து வந்தது அது. உடல் பாட்டியாரின் சுங்குடிச் சேலை. கண்கள் கறுப்பு நூல் முடிச்சு. ஒரு கை மற்றொன்றைவிட நீளம். அழகென்று சொல்லத்தக்க எதுவும் அதனிடம் இல்லை. அதனை இடுப்பில் வைத்துத் திரிந்த குழந்தைக்கு இன்று பேரக்குழந்தைகள் இருக்கின்றனர். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து அது கீழே வரும். பழைய துணி வாங்கிப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி வாசலில் வந்து குரல் கொடுப்பாள். வேட்டி போகும், சட்டை போகும், சேலைகூடப் போகும். பாவை மட்டும் மறுபடியும் பரணுக்கு ஏறிவிடும். வைத்திருப்பதால் பயன் இல்லை. எறியவோ கை வரவில்லை. இது ஏன்?

பாவை என்பது நம்மவர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் இளமகளிர் மணலால் வண்டற் பாவை செய்தனர். நீரோரத்துப் பைஞ்சாய்க் கோரையைக் கிழித்து மெல்லிய பாவை செய்தனர். கோரைப் பாவையும் துணிப் பாவையும் ஒரே குலத்தன; இரண்டுமே மெத்தென்றவை, இரண்டுமே கையிலுள்ள மிச்சத்திலிருந்து பிறந்தவை. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் காட்டும் சிறுமி ஒருத்தியை நாம் மறக்கவே இயலாது. அவள் செய்த பாவையை அலை வந்து கொண்டுபோய்விடுகிறது. அவள் சும்மா இருக்கவில்லை. கைப்பிடி மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் புறப்பட்டுவிடுகிறாள்! பாவையின் அளவு ஒரு சாண். அதன் பொருட்டு எழுந்த சினத்தின் அளவு கடல். பொம்மையை வைத்துக்கொண்டு பெரும்பொருளைப் பேச இயலுமா என்று ஐயுறுவோர் அச்சிறுமியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆயினும், சிற்பம் என்றவுடன் நம் உள்ளம் மாமல்லபுரத்துப் பாறைக்கும், சோழர் காலச் செப்புத் திருமேனிக்குமே ஓடுகிறது. நிலைத்து நிற்பதே சிற்பம், நைந்து போவது கைவேலை என்று ஒரு வரம்பு கட்டி வைத்திருக்கிறோம். தேரின் நான்கு புறமும் தொங்கி ஆடும் தொம்பைகளைத் தைக்கும் தஞ்சைப் பகுதிக் கைவினைஞரை நாம் சிற்பி என்று அழைப்பதில்லை. உருளையாக நின்று, காற்றில் அசைந்து, தேருக்கே உயிர் கொடுப்பது அந்தத் தொம்பைதான். அதனைத் துணி என்கிறோம். தேரின் மரத்தைச் சிற்பம் என்கிறோம்.

இவ்வரம்பை நம் நாட்டில் அழித்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னர்ச் சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர். 1959 முதல் 1961 வரை இதே பம்பாயில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில், வடிவமைப்புத் துறையில் அவர் பணியாற்றினார் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. பரோடாவில் கலைக்கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில், அங்கு நடந்த கலைச் சந்தைகளுக்காக மரத்தாலும் மணியாலும் தோலாலும் பொம்மைகள் செய்து வைத்தார். பெரிய சுவரோவியம் தீட்டிய அதே கை, குழந்தை கையில் எடுத்து ஆட்டும் பொம்மையையும் அதே கருத்தோடு செய்தது. இரண்டுக்கும் இடையே மேல் கீழ் என்று அவர் படிக்கட்டு எதுவும் கட்டவில்லை. பத்ம விபூஷண் 2012-இல் வந்தது, 2016-இல் மறைந்தார்.

அவரிடம் பரோடாவில் பயின்றவர் மிருணாளினி முகர்ஜி. 1949-இல் பம்பாயில் பிறந்த இவ்வம்மையார் கல்லைத் தொடாமல் சணற்கயிற்றைத் தொட்டார். சாயம் தோய்த்த கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, முன்கூட்டி வரைந்துகொண்ட படம் ஏதுமின்றி, ஆளுயரத்திற்கும் மேற்பட்ட உருவங்களை எழுப்பினார். ‘யக்ஷி’, ‘வனஸ்ரீ’ என்பன அவற்றுள் சில. தொங்குகின்றன, மடிகின்றன, கோயிற் கருவறையில் இருள் சூழ நிற்கும் தெய்வத்தைப் போல நம்மைச் சற்றே அச்சுறுத்தவும் செய்கின்றன. மெத்தென்ற பொருளால் செய்தது மென்மையாகத்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அவற்றின்முன் தகர்ந்துவிடும். அவர் 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் காலமானார். அதே பிப்ரவரியில் தாராவியில் வேறொன்று தொடங்கிற்று. அதற்குப் பின்னர் வருவோம்.

அதற்கு முன் கடல் கடந்து ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. ஏனெனில், பிறர் கையால் தைத்த பொம்மைகளையே பொருளாகக் கொண்டு சிற்பம் செய்தவர் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் மைக் கெல்லி என்பதாகும். 1954-இல் அமெரிக்க நாட்டில், மோட்டார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரை அடுத்த ஊரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம், உழைப்பாளர் வீடு. தந்தையார் பள்ளிக் கட்டடங்களைப் பராமரிக்கும் பணியினர். தாயார் போர்டு நிறுவனத்தின் உணவுக் கூடத்தில் சமையற்பணி செய்தவர். தாராவியில் எத்தனை வீடுகளில் இத்தகைய தாய் தந்தையர்! அவர் வளர்ந்த வீட்டை நாம் கற்பனை செய்துகொள்ள அதிகம் வருந்த வேண்டியதில்லை.

கெல்லி பழம்பொருட் கடைகளில் சென்று துணிப் பொம்மைகளைத் தேடி வாங்கினார். அவர் தேடியது ஆலையில் செய்த பளபளப்பான பொம்மையை அன்று. ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பாட்டியோ அத்தையோ குரோஷா ஊசியால் பின்னி, பஞ்சடைத்து, பொத்தானைக் கண்ணாகத் தைத்த பொம்மையை. (ஆலைப் பொம்மையின் பிறப்பும் சுவையானதே. ஜெர்மனியில் மார்கரேட் ஸ்டைப் என்னும் பெண், இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே கால் செயலிழந்தவர், 1880-இல் ஊசி குத்திவைப்பதற்காகக் கம்பளித் துணியில் யானை ஒன்று தைத்தார். குழந்தைகள் அதைப் பறித்துக்கொண்டு விளையாடின. உலகெங்கும் பரந்த ஒரு தொழில் அங்கிருந்து எழுந்தது. ஆலைப் பொம்மைக்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள் என்பதற்காக இதனைச் சொன்னோம்.)

அவ்வாறு திரட்டிய பொம்மைகளையும் பின்னற் போர்வைகளையும் நெருக்கி நெருக்கிப் பெரிய கித்தான் ஒன்றின்மேல் கெல்லி தைத்தார். உயரம் ஏறத்தாழ ஏழரை அடி, அகலம் பத்தடி. கரடி, குரங்கு, முயல், பெயரிட முடியாத பிராணிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, திருவிழாக் கூட்டம்போல் நெரிகின்றன. காய்ந்த மக்காச்சோளக் கதிர்களும் உடன் தொங்குகின்றன. ஆண்டு 1987. அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழிற் சொன்னால், ‘என்றும் திருப்பித் தர முடியாத அன்பின் மணி நேரங்கள்’ என்று வரும். அருகே வைப்பதற்கென மேசை நிறைய மெழுகுத்திரிகள் உருகிக் கிடக்கும் மற்றொரு படைப்பும் செய்து, அதற்குப் ‘பாவத்தின் சம்பளம்’ என்று பெயர் வைத்தார். இரண்டும் நியூயார்க்கிலுள்ள விட்னி அருங்காட்சியகத்தில் உள்ளன.

பெயரிலேயே பொருள் இருக்கிறது. கையால் செய்த பொம்மை ஒன்றைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது விலைச்சீட்டு இல்லை. ஆனால், அதில் எத்தனை இரவுகள் அடைபட்டிருக்கின்றன? கடைப் பொம்மையாயின் விலை தெரியும். விலை தெரிந்தால் ஈடு செய்யலாம். இதற்கு ஈடு என்ன? பெற்றுக்கொண்ட குழந்தை அறியாமலே ஒரு கடனுக்குள் பிறந்துவிடுகிறது; எவ்வளவு என்று தெரியாத கடன், எவ்வாறு அடைப்பது என்று தெரியாத கடன் என்பது கெல்லியின் கருத்து. அன்பிற் கணக்கு இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அங்கேதான் எல்லாவற்றினும் கொடிய கணக்கு நடக்கிறது என்று அவர் குத்திக் காட்டினார்.

தமிழர்க்கு இது விளங்க உரையாசிரியர் வேண்டா. நம் மொழியில் ‘கடன்’ என்னும் ஒரே சொல் கொடுக்கல் வாங்கலையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். நன்றியையும் நன்றிக்கடன் என்கிறோம். இறந்தாருக்குச் செய்வதையும் கடன் என்றே சொல்கிறோம். வாங்கியதும் செய்ய வேண்டியதும் ஒன்றே என்று முன்னோர் முடிவு கட்டிவிட்டனர் போலும்.

நம் கலியாண வீடுகளில் மொய் எழுதும் மேசையை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தடவிய நோட்டுப் புத்தகம். முதல் வரியில் பிள்ளையார் சுழி. கீழே இன்னாருக்கு இன்ன தொகை. அந்த நோட்டு பத்திரமாகப் பெட்டியில் வைக்கப்படும். தந்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, வாங்கியதற்கு மேல் ஒரு ரூபாயாவது கூட வைத்துச் செய்வோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் குடும்பங்கள் இந்நோட்டின் துணையால்தான் ஊரோடு உறவறாமல் இருக்கின்றன என்று சொன்னாலும் மிகையாகாது. ஊர்க் கலியாணத்திற்கு விடுப்புக் கிடையாதாயினும் மொய் போய்ச் சேர்ந்துவிடும். மொய்யை இழித்துப் பேசுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது நேர்மையான கணக்கு. வாங்கியது தெரிகிறது, திருப்பியதும் தெரிகிறது, இரு வீட்டாரும் நிமிர்ந்து நிற்க முடிகிறது.

ஆனால், பாட்டியின் பாவை எந்த மொய் நோட்டிலும் ஏறவில்லையே! எந்த விசேஷத்தில் அதை எப்படித் திருப்புவது? பரணிலிருந்து இறக்கிப் பார்த்து, எறியக் கை வராமல் மறுபடியும் ஏற்றி வைக்கிறோமே, அந்தத் தயக்கத்தின் பெயர்தான் திருப்பித் தர முடியாத மணி நேரம். கெல்லியின் படைப்பை அறிந்தபின்தான் நம் வீட்டுப் பரணின் பொருள் நமக்கே விளங்கிற்று.

அப்படைப்பின் படத்தை நமக்கு அறிமுகமான இல்லத்தரசியர் சிலரிடம் காட்டினோம். ‘இது சிற்பமா?’ என்று கேட்பர் என எதிர்பார்த்திருந்தோம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இத்தனையையும் யாருங்க தூக்கிப் போட்டாங்க?” என்றார். நாம் திகைத்துப் போனோம். கலை விமரிசகர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதன் மையம் இந்த ஒரு வினாவில் இருந்தது. பொம்மை பழங்கடைக்கு எப்படி வந்தது? யாரோ கொடுத்தார், யாரோ வாங்கினார், பிறகு ஒரு நாள் யாரோ மூட்டை கட்டினார். அன்பின் கணக்கில் எழுதப்பெறாத கடைசி வரி அதுதான். மற்றொருவர் சொன்னது இது: “செஞ்சவங்க பேரு ஒண்ணுகூட இல்லையே.” இதனையும் குறித்துக்கொண்டோம்.

கெல்லி அத்துடன் நிற்கவில்லை. 1991-இல் நூற்றுக்கும் மேற்பட்ட கைப் பொம்மைகளை மடக்கு மேசைகளின்மேல் வகை வகையாகப் பிரித்துக் கிடத்தினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுகோலை வைத்துப் படம் பிடித்தார். அகழ்வாராய்ச்சியில் எடுத்த எலும்புகளை வைப்பது போன்ற காட்சி. கொஞ்சி விளையாடிய பொம்மை திடீரென்று பிணக்கிடங்கின் பொருளாகிவிட்டது. மற்றொரு படைப்பில், மரமும் கம்பியும் கொண்டு உருண்டைச் சட்டகங்கள் அமைத்து, அவற்றின்மேல் நிறவாரியாகப் பொம்மைகளை முகம் உள்ளே திரும்பியிருக்கும்படி தைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டார். நமக்குத் தெரிவது முதுகுகள் மட்டுமே. சுவரோரம் வைத்த பெரிய பெட்டிகள் அவ்வப்போது பைன் மரத்தின் நறுமணத்தைத் தெளித்துக்கொண்டிருக்கும். பழைய பொம்மையில் படிந்திருக்கும் எச்சில், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றின் நாற்றத்தைப் போக்குவதற்கு! நாம் அந்துருண்டை போட்டு வைப்பதன் பெரிய உருவம் என்று கொள்க.

இனி ஒரு திருப்பம். இப்படைப்புகளைக் கண்ட மக்களில் பலர், இவை அன்பின் கடனைப் பற்றியவை என்று எண்ணவில்லை. அழுக்கடைந்து கண் பிதுங்கிய அப்பொம்மைகளைப் பார்த்து, ‘இவரைச் சிறுவயதில் யாரோ துன்புறுத்தியிருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டினர். கெல்லி வியந்தார். தாம் சொல்லாததை உலகம் கேட்கிறதே என்று சினந்து மறுக்காமல், அதனையே அடுத்த படைப்பின் பொருளாக்கிக்கொண்டார். தாம் வளர்ந்த வீட்டையும் பயின்ற பள்ளிகளையும் சிறு உருவில் கட்டி, நினைவுக்கு வராத அறைகளை வெறுமையாக விட்டு, 1995-இல் காட்சிக்கு வைத்தார். மறந்துபோன அறைகளில் என்ன நடந்ததோ, நீங்களே இட்டு நிரப்புங்கள் என்பது போல. 2012-இல் அவர் மறைந்தார்.

மக்கள் ஏன் அவ்வாறு எண்ணினர்? வீட்டுக்குள் நடப்பதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது பொம்மைதான். அதற்கு வாய் தைக்கப்பட்டிருக்கிறது. நான்கு சுவருக்குள் நிகழும் கொடுமைக்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை. துணியில் தைத்த உருவம் பேசத் தொடங்கினால் முதலில் பேசுவது வீட்டைப் பற்றித்தான் என்பதற்குத் தென்னமெரிக்காவில் சிலி நாட்டுப் பெண்கள் சான்று தருகின்றனர்.

1973-இல் அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. கணவரையும் மக்களையும் இழந்த பெண்கள் கூடியமர்ந்து, சாக்குத் துணியின்மேல் சிந்தியைக் கொண்டு படங்கள் தைத்தனர். அப்படத்தில் ஒட்டித் தைத்த மாந்தர்கள் சிறு சிறு துணிப் பொம்மைகள். கையும் தலையும் துணியை விட்டு வெளியே புடைத்து நிற்கும். சிலர் காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டி எடுத்துப் பொம்மைக்கு உடுத்தினர். திருச்சபையின் ஆதரவில் 1976-இல் தோன்றிய அமைப்பொன்று இவற்றை வாங்கி வெளிநாடுகளில் விற்றது. பார்ப்பதற்குக் குழந்தைகளின் விளையாட்டுப் படம்; படித்தால் நாட்டின் குற்றப்பத்திரிகை. எழுத்தைத் தடை செய்யலாம்; ஊசியையும் நூலையும் எவ்வாறு தடை செய்வது?

இனித் தாராவிக்குத் திரும்புவோம். சயான் பெரிய ஆஸ்பத்திரியை அறியாத தாராவித் தமிழர் இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கே பிறந்தவர்கள். அங்குப் பச்சிளங் குழந்தைகளின் மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றி, தாய்ப்பால் வங்கியை 1989-இல் தொடங்கிய அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார், 1999-இல் ‘ஸ்நேஹா’ என்னும் அமைப்பை நிறுவினார். தாய் சேய் நலமும், வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குத் துணை நிற்பதும் அதன் பணிகளில் தலையாயவை. இந்த ஸ்நேஹா, 2015 பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை தாராவியிலேயே கலைவிழா ஒன்று நடத்திற்று. தாராவி பியனாலே என்று பெயர். ‘ஆலி கல்லி பியனாலே’ என்றும் அழைத்தனர். கல்லி என்றால் சந்து என்பதை மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓவியர்களும் கைவினைஞர்களும் வந்து தாராவி மக்களோடு அமர்ந்து பயிற்சிப் பட்டறைகள் நடத்த, உடல்நலத்தைப் பற்றிய படைப்புகளைத் தாராவி மக்களே செய்து, தாராவியின் சந்துகளிலேயே வைத்தனர்.

அவற்றுள் ஒன்று துணியால் ஆனது. தாராவிப் பெண்கள் ஒன்றுகூடித் தங்கள் பேட்டையின் வரைபடத்தைத் துணியில் தைத்தனர். மெத்தைபோல் தைத்த அவ்வரைபடத்தில், பெண்கள்மேல் வன்முறை நிகழ்ந்த இடங்களைக் குறித்துக் காட்டினர். வலியின் வரைபடம் என்பது அதன் பெயரின் கருத்து. பொம்மை இல்லை, பாவை இல்லை. ஆயினும் சிந்தியும் ஊசியும் நூலும் அவையே, பாவை தைக்கும் கையும் அதுவே. காவல் நிலையத்தில் சொல்ல நாவெழாததை, மாமியாரிடமும் தாயிடமும் சொல்ல முடியாததை, ஊசி சொல்லிற்று. போர்வை என்பது வீட்டை மூடி வைப்பது. இங்கே அது வீட்டைத் திறந்து வைத்தது.

இதனைக் கெல்லியின் படைப்போடு சேர்த்துப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் ஒரு மனக்குறை எழுகிறது; சொல்லிவிடுகிறோம். விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கும் அக்கித்தானில் எத்தனை பாட்டிமார்! ஒருத்தியின் பெயரும் நமக்குத் தெரியாது. சிற்பியின் பெயர் ஒன்றே சுவரில் இருக்கிறது. தைத்தவர்களின் கடனை எவரும் அடைக்க முடியாது என்று உலகுக்கு உரைத்த படைப்பே, தைத்தவர்களுக்குக் கடன்பட்டு நிற்கிறது. கெல்லி இதனை அறியாதவர் அல்லர். அறிந்துதான் செய்தார், அவ்வறிவே படைப்பின் கூர்மை என்று வாதிடுவோர் உண்டு. நாமும் அவ்வாதத்தை முழுதும் தள்ளவில்லை. ஆயினும், எறியப்பட்ட பொம்மையை எடுத்து ஒருவர் அதன் சார்பாகப் பேசுவது ஒன்று; தைத்தவளே தன் தையலைக் காட்டிப் பேசுவது மற்றொன்று. சந்துக்குள் நடந்த அவ்விழாவில் நடந்தது இரண்டாவது. நம் தராசில் அதன் தட்டே தாழ்கிறது.

தையலறிந்த சகோதரியர் சிலர், ‘துணிப் பொம்மை எங்ஙனம் சிற்பமாக எழுந்து நிற்கும்? துவண்டு விழுந்துவிடாதா?’ என்று கேட்டனர். துவள்வதுதான் அதன் தொழில். கல்லுக்கு இல்லாத குணம் அது. தொங்கவிட்டால் தன் எடையால் தானே ஒரு வடிவம் கொள்ளும். முழங்கை மடியும், தலை சாயும், களைத்துப்போன உடலின் சாயல் தானாகவே வந்து சேரும். நிற்கத்தான் வேண்டுமெனில் உள்ளே கம்பியும் மூங்கிலும் கொடுக்கலாம். பஞ்சைத் திணித்தால் உருண்டு நிற்கும். சிந்தியைத் திணித்தால் கனத்து அமரும். பசை கொண்டு ஒட்டுவதைவிடத் தைப்பதே மேல். பழுது பார்க்க வேண்டுமானால் தையலைப் பிரிக்கலாம், பசையைப் பிரிக்க இயலாது. மும்பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது தனிக்கலை. வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்து உலர்த்தி, வேப்பிலை போட்டு வைத்தால் பெரும்பாலும் தப்பும்.

இவற்றையெல்லாம் எண்ணி, சங்கத்து மகளிர் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறோம். நவராத்திரியில் நம் மன்றத்தில் கொலு வைக்கும்போது, களிமண் பொம்மைகளுக்கும் மரப்பாச்சிக்கும் கீழே ஒரு படியை வெறுமையாக விட்டு வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். வீடுகளில், பரண்களில், தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் துணிப் பாவைகளை அன்பர்கள் கொண்டுவந்து அப்படியில் வைக்கலாம். பக்கத்தில் ஒரு சீட்டு; அதில் மூன்று செய்திகள் போதும்: தைத்தவர் பெயர், ஊர், எந்தச் சேலையிலிருந்து வெட்டியது. பெயர் நினைவில்லையெனில் ‘அத்தை’ என்றோ ‘பெரியம்மை’ என்றோ எழுதலாம். நம் வீட்டுப் பாவையின் சீட்டை எழுத உட்கார்ந்தபோது, பாட்டியாரின் பெயரை வீட்டில் ஒருவரும் உடனே சொல்லவில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டு, பழைய நிலப்பத்திரம் ஒன்றைப் பார்த்து, மூன்றாம் நாள்தான் எழுதினோம்.

பாவை கிழிந்திருந்தாலும், கண் உதிர்ந்திருந்தாலும் அப்படியே கொண்டுவரலாம். துவைக்க வேண்டா. புதிதாகத் தைத்துக் கொண்டுவரவும் வேண்டா.